கூட்டாச் சேந்து காணி வாங்கப் போறீங்களா? தனிப் பேரா, பங்கா, பாட்னர்சிப்பா, கொம்பனியா எண்டு உறுதி எழுத முந்தி பாருங்க

போன மாசம் என்ட மருமகன் ஒருத்தன் கோல் எடுத்தான். "மாமா, அலஸ் தோட்டத்துக்குள்ள 22 பேர்ச் காணி ஒண்டு பாத்திருக்கம், நானும் ரெண்டு கூட்டாளியும் சேந்து. வாற புதன்கிழமை உறுதி எழுதுறம். ஆர்ட பேர்ல எழுதுறது எண்டு மட்டும் ஒருக்கா சொல்லுங்க." அந்த "மட்டும்" எண்ட சொல்லக் கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிட்டு. விலை பேசி, அட்வான்ஸ் குடுத்து, ஆக்கள் வந்து தங்கிற நாலு ரூமுக்கு பிளான் கூடக் கீறிப்போட்டு கடைசியாக் கேக்கிற கேள்வி இது, ஆனா முதல்ல கேக்கோண்டிய கேள்வியே இதுதான். புதன்கிழமைய விடு, ஞாயிற்றுக்கிழமை வீட்ட வா, வெளிநாட்டுல இருக்கிற உன்ட ரெண்டு கூட்டாளிமாரையும் வட்ஸ்அப்புல எடு எண்டு சொன்னன். அண்டைக்கு நாலு மணித்தியாலம் இருந்து கதைச்சதத்தான் இங்க எழுதுறன், ஏனெண்டா எங்கட திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி எண்டு இப்ப இப்பிடிச் சேந்து வாங்கிற பொடியன்கள் நிறைய, நான் கணக்குப் பாக்கிற இடங்கள்லயும் இதே சிக்கல் திரும்பத் திரும்ப வருது.

ஏன் உறுதிக்கு முந்தியே முடிவெடுக்கோணும்? காணிக் கைமாத்தத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடிக் காணி எண்டா 3,99,000 ரூபா. இப்ப சொந்தப் பேர்ல எழுதிட்டு, மூண்டு வருசம் கழிச்சு "கொம்பனி ஒண்டு போடுவம், காணிய அதுக்கு மாத்துவம்" எண்டு யோசிச்சா, அதுவும் ஒரு கைமாத்தம்தான், திரும்ப அதே தீர்வை, அதுவும் அண்டைய பெறுமதிக்கு, அதோட விலை ஏறின அளவுக்கு மூலதன ஆதாய வரி வேற. உங்கட காணிய உங்கட கொம்பனிக்கே குடுக்கிறதுக்கு இவ்வளவு செலவு. அதால பிறகு மாத்தலாம் எண்ட எண்ணத்த முதல்ல விடுங்க.

இன்னொண்டு, யூடியூப்ல அமெரிக்கா ஆக்கள் எல்.எல்.சி (அங்கத்த ஒரு வகை மட்டுப்பட்ட பொறுப்புக் கொம்பனி) போடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்டு போடு எண்டு சொல்றதப் பாத்திட்டு வாறாங்க. எங்கட நாட்டுல எல்.எல்.சி எண்டு ஒரு சாமானே இல்ல. இங்க இருக்கிறது தனிப் பேர், கூட்டுப் பங்கு, பாட்னர்சிப், 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்துக்குக் கீழ பதியிற பிரைவேட் லிமிடெட், இவ்வளவுதான். இதுக்குள்ள நிண்டுதான் யோசிக்கோணும்.

தனி ஆளா வாங்கிறீங்க, உங்கட காசு, உங்கட குடும்பம் எண்டா பெரிசா யோசிக்க ஒண்டுமில்ல, உங்கட பேர்ல எழுதுங்க. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிஞ்சா அது ஒரு பெயர் மட்டும்தான், அதால தனிப் பாதுகாப்பு எதுவும் வராது, கடன் வந்தா உங்கட வீடு வரைக்கும் வரும். ஆனா வரிப் பக்கம் பாத்தா தனி ஆள்தான் நல்லா இருக்கிறார், இத நிறையப் பேர் நம்புறேல்ல, கொம்பனி எண்டா வரி குறையும் எண்டு ஒரு நினைப்பு இருக்கு. கணக்கப் பாருங்க. வருசத்துக்கு வீட்டு வாடகை 30 லட்சம் வருது, வேற வருமானம் இல்ல எண்டு வைப்பம். தனி ஆளுக்கு வாடகையில 25 வீதம் கழிவு, அது 7.5 லட்சம். மிச்சம் 22.5 லட்சம். 2025 ஏப்ரல்ல இருந்து தனி ஆளுக்கு 18 லட்சம் விலக்கு இருக்கு, அதையும் கழிச்சா 4.5 லட்சம்தான் வரிக்கு வரும், முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அப்ப கட்டுறது 27,000. அதே வாடகை கொம்பனிக்கு வந்தா அந்த ரெண்டு கழிவும் இல்ல, உண்மையான செலவு 6 லட்சம் எண்டு காட்டினாலும் மிச்சம் 24 லட்சத்துக்கு 30 வீதம், 7,20,000. 27,000 எங்க, 7,20,000 எங்க! ரெண்டு பேர்ட பேர்ல காணி இருந்தா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 18 லட்சம் விலக்கு. ஒண்டு மட்டும் கவனம், இந்த 25 வீதக் கழிவு வீட்ட வாடகைக்கு விட்டுட்டு சும்மா இருக்கிற ஆளுக்குத்தான். நாளுக்கு நாள் ரூம் குடுத்து, காலச் சாப்பாடு போட்டு, ஆள் வச்சு நடத்தினா அது வியாபாரம், அங்க உண்மையான செலவத்தான் கழிக்கலாம்.

விக்கேக்கயும் இதே கதைதான். ஒரு கோடிக்கு வாங்கி ரெண்டு கோடிக்கு வித்தா ஆதாயம் ஒரு கோடி. தனி ஆள் எண்டா 15 வீதம், 15 லட்சம். 18 லட்ச விலக்கு இதுக்கு இல்ல. கொம்பனி எண்டா 30 வீதம், 30 லட்சம், பிறகு மிச்சம் 70 லட்சத்த பங்குலாபமா உங்கட கைக்கு எடுக்கேக்க அதில 15 வீதம், 10.5 லட்சம், மொத்தம் 40.5 லட்சம் போகுது. அதால அஞ்சு வருசத்தில வித்திட்டுப் போற எண்ணம் எண்டா கொம்பனி வேணாம், அத நான் அடிச்சுச் சொல்லுவன். (காணிய வாங்கித் துண்டு துண்டாப் பிரிச்சு விக்கிறது வேற விசயம், அத வரித் திணைக்களம் மூலதன ஆதாயமாப் பாக்காது, வியாபார வருமானமா எடுத்து தனி ஆளுக்கு 36 வீதம் வரைக்கும் போகும்.)

அப்ப மூண்டு பேர் சேந்து வாங்கினா மூண்டு பேர்ட பேரையும் உறுதியில போட்டாப் போதும்தானே எண்டு மருமகன் கேட்டான். எங்கட பக்கம் அனேகமா நடக்கிறது இதுதான், ஆளுக்கு பிரிக்கப்படாத மூண்டில ஒரு பங்கு. லேசான வழி, மலிவு, வரியும் குறைவு. ஆனா எனக்கு இதப் பத்தி ஒரு சொந்த அனுபவம் இருக்கு, அதச் சொல்லாம விடேலாது.

எங்கட அப்பப்பாட காணி ஒண்டு பாலையூத்துப் பக்கம். பிரிக்காத காணி. அப்பாவும் சகோதரங்கள் நாலு பேரும். ஒருத்தர் செத்து அவர்ட பிள்ளைகள் மூண்டு பேருக்குப் பங்கு போச்சு, ஒரு மாமி தன்ட பங்க வெளியாளுக்கு வித்திட்டா, அவர் வந்து தண்ணிக் கிணத்தடிப் பக்கம்தான் தன்ட எண்டு வேலி அடிச்சார். பிரிக்காத பங்க ஆரும் ஆருக்கும் விக்கலாம், மற்றப் பங்காளியக் கேக்கத் தேவையில்ல. வடக்கில தேசவழமைக் (யாழ்ப்பாணத் தமிழர்ட வழக்காற்றுச் சட்டம்) காணி எண்டா மற்றப் பங்காளிக்கு முன்வாங்கிற உரிமை இருக்கு, எங்களுக்கு அந்த வசதியும் இருக்கேல்ல. கடைசியா 1977ஆம் ஆண்டுப் பிரிவிடல் சட்டத்தில வழக்கு. கோட்டால அனுப்பின சேர்வேயர் வந்த நாள் எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அவர் சங்கிலியப் பிடிச்சு அளந்துகொண்டு போக, பின்னால ஒருத்தர் தென்னையள எண்ணி எழுதினார், ஒவ்வொரு மரத்தடியிலயும் நிண்டு "இது ஆர்ட?" எண்டு கேக்க, சின்ன வயசில எனக்கு இளநி வெட்டித் தந்த பெரியப்பாவும் என்ட அப்பாவும் ஒரே மரத்தில ரெண்டு பக்கமும் கைய வச்சுக்கொண்டு "என்ட" "என்ட" எண்டு சொன்னாங்க. வழக்கு முடியிறதுக்குள்ள ரெண்டு பேரும் போய்ச் சேந்திட்டாங்க. அந்தக் காணியில இண்டைக்கும் ஒரு கல் வைக்கேல்ல.

இதால கூட்டுப் பங்கு கூடாது எண்டு சொல்ல வரேல்ல. ரெண்டு பேர், புருசன் பெண்சாதி, இல்லாட்டி உண்மையில ஒத்துப்போற அண்ணன் தம்பி, காணியும் சேர்வே பிளான்ல ரெண்டா வெட்டக்கூடிய அளவு, எண்டா இதுதான் நல்ல வழி. வாங்கின கையோட பிரிச்சு எழுதியும் விடலாம். 22 பேர்ச்சில நாலு ரூம் கட்டினா அத எப்பிடி மூண்டாப் பிரிக்கிறது? அங்கதான் பிழைக்கும். அதோட, ஒரு பங்காளி செத்தா பொதுச் சட்டப்படி பாதி பெண்சாதிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இண்டைக்கு நீங்க மூண்டு பேர், பதினஞ்சு வருசத்தில ஒன்பது பேர், அதில ரெண்டு பேர் சின்னப் பிள்ளைகள், அப்ப அந்தக் காணிய விக்கிறதெண்டா கோட்டுக்குப் போய் அனுமதி எடுக்கோணும்.

பாட்னர்சிப் எண்டா? ஆக்கள் இத கூட்டுப் பங்குக்கும் கொம்பனிக்கும் நடுவில ஏதோ ஒரு நல்ல வழி எண்டு நினைக்கிறாங்க. எங்கட சட்டத்தில பாட்னர்சிப் தனி ஆள் இல்ல. அதுண்ட பேர்ல உறுதி எழுதேலாது, பாட்னர்மாரிண்ட பேர்லதான் எழுதோணும், அப்ப காணி விசயத்தில திரும்ப அந்தப் பிரிக்காத பங்குக்கே வந்து நிக்கிறம். அதுக்கு மேல ஒரு பாட்னர் வியாபாரத்துக்கு எண்டு கையெழுத்து வச்சுக் கடன் எடுத்தா மற்றவங்களும் முழுசா பொறுப்பு. எழுத்தில வேற மாதிரிப் போடாட்டி ஒருத்தர் செத்தா பாட்னர்சிப் அதோட கலையும். போட்ட மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேல போனா பாட்னர்சிப் ஒப்பந்தம் எழுத்தில இருக்கோணும் எண்டு 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டமே சொல்லுது, ஆனா எங்கட சனம் வாய்ப் பேச்சிலதான் ஓடுது. லாபம் ஒவ்வொரு பாட்னர்ட கணக்கிலயும் போய் அவரவர் வரி விகிதத்தில வாறது நல்ல விசயம்தான். அதால ரூம் நடத்திறதுக்கு, சாமான் வாங்கிறதுக்கு, சீசனுக்கு வான் ஓடுறதுக்கு பாட்னர்சிப் சரி. காணி வச்சிருக்கிறதுக்கு இல்ல.

இனிக் கொம்பனி. வரி கூட எண்டு மேல சொல்லிட்டன், செலவும் இருக்கு, பதிஞ்ச செக்ரட்டரி ஒராள் கட்டாயம், வருசா வருசம் கணக்கு, ஆண்டறிக்கை, எங்கட ஊர்ல மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும்தான் கடற்கரைச் சீசன், மாரிக்கு ரூமெல்லாம் பூட்டிக் கிடக்கேக்கயும் இந்தச் செலவு நிக்காது. அப்ப ஏன் கொம்பனி? ஏனெண்டா காணி கொம்பனிக்குச் சொந்தம், ஆக்களுக்கு இல்ல. ஒருத்தர் செத்தா காணி உடையாது, அவர்ட பங்குதான் பிள்ளைகளுக்குப் போகும். ஒருத்தர் விலகினா பங்க விக்கலாம், உறுதி மாத்தத் தேவையில்ல, தென்னை எண்ணத் தேவையில்ல. ஆர் எவ்வளவு காசு போட்டாரோ அந்தளவுக்குப் பங்கு எண்டு கணக்காப் பிரிக்கலாம், 40, 35, 25 எண்டு. ஒருத்தர் விக்கிறதெண்டா முதல்ல மற்றவங்களுக்குத்தான் குடுக்கோணும், விலைய இன்ன முறையில மதிக்கோணும் எண்டெல்லாம் கொம்பனியிண்ட அமைப்பு விதியில எழுதலாம். எங்கட பக்கம் இல்லாத முன்வாங்கிற உரிமைய நீங்களே எழுதி வைக்கிற மாதிரி. பிரைவேட் கொம்பனிக்கு 50 பங்குதாரர் வரைக்கும் இடம் இருக்கு, ஒராள் மட்டும் வச்சும் தொடங்கலாம்.

பொறுப்பு மட்டுப்படும் எண்டு சொல்றதப் பத்தி ஒரு விளக்கம். பேங்க்ல லோன் கேட்டுப் போனா கொம்பனி எண்டு சொன்னாலும் டிரெக்டர்மாரிண்ட சொந்தப் பிணைக் கையெழுத்தக் கேப்பாங்க, அப்ப லோன் விசயத்தில உங்கட வீடு தப்பாது. ஆனா வந்த ஆள் படியில வழுக்கி விழுந்து நட்டஈடு கேட்டாலோ, சாமான் தந்த கடைக்காரன் வழக்குப் போட்டாலோ அது கொம்பனியோட நிக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சு விளங்கிக்கொள்ளுங்க.

சின்னப் பங்கு வச்சிருக்கிற ஆளும் யோசிக்கோணும். 20 வீதம் வச்சிருக்கிறவர் வெளியேற விரும்பினா வெளியில ஆரும் அந்தப் பங்க வாங்க வரமாட்டாங்க, பெரிய பங்கு வச்சிருக்கிறவர் சொன்ன விலைதான். சட்டத்தில அடக்குமுறைக்கு எதிரா கோட்டுக்குப் போக வழி இருக்கு, ஆனா அதுக்கும் காலம் வேணும் காசு வேணும். அதால விலகிற வழிய முதல் நாளே எழுதுங்க.

இப்ப மருமகன்ட விசயத்தில உண்மையான முடிச்சு எங்க எண்டா, மூண்டாவது கூட்டாளி. ரெண்டு கூட்டாளியில ஒருத்தன் கட்டார்ல வேலை, ஆனா இலங்கைப் பாஸ்போட், அவனுக்குப் பிரச்சினை இல்ல, முறைப்படி அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலா இன்னொராள் கையெழுத்து வைக்கக் குடுக்கிற அதிகாரம்) எழுதிப் பதிஞ்சு அனுப்பினாச் சரி (எழுதிக் குடுத்தவர் செத்தா அந்தத் தத்துவமும் செத்திரும், அத மறக்காதீங்க). மற்றவன் கனடா. அவன்ட காசுதான் கூட. "நீ கனடாச் சிற்றிசனா?" எண்டு வட்ஸ்அப்புல கேட்டன். "ஓம் அங்கிள், பத்து வருசமாச்சு" எண்டான். "இங்கத்தய இரட்டைக் குடியுரிமை எடுத்தியா?" சத்தமில்ல. பிறகு, "அது எடுக்கோணுமா?" எண்டான்.

2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசை இங்க காணிய முழுசா வாங்கேலாது, குத்தகை எண்டா 99 வருசம் வரைக்கும் எடுக்கலாம். திருகோணமலையில பிறந்து வளந்து, கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் வந்தாலும், இலங்கைக் குடியுரிமை போய் இரட்டைக் குடியுரிமையும் எடுக்காட்டி சட்டத்துக்கு அவன் வெளிநாட்டுக்காரன்தான். தாய் தகப்பன்ட காணி நெருங்கின உரித்தாளியா வந்தா அது வேற, அதுக்கு விலக்கு இருக்கு. விலை குடுத்து வாங்கிறதுக்கு இல்ல. அவன்ட பேர உறுதியில போட்டா அந்தக் கைமாத்தம் செல்லாது.

அப்ப எல்லாரும் செய்யிறது என்ன? "என்ட பங்கையும் உன்ட பேர்ல எழுது மச்சான், நம்பிக்கைதானே." இத மட்டும் செய்யாதீங்க எண்டு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். நட்பு கெடும் எண்டு சொல்லேல்ல, நட்பு அப்பிடியே இருந்தாலும் பேர்ல இருக்கிற ஆள் செத்தா காணி அவர்ட பெண்சாதி பிள்ளைக்குப் போகும், அவர் வேற கடன்ல மாட்டினா கடன்காரன் அந்தக் காணியத்தான் பாப்பான். காசு நான்தான் குடுத்தன் எண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தக் காட்டி வழக்குப் போடலாம், ஆனா காசு பேங்குக்கு வெளியால, உண்டியல்ல வந்திருந்தா எந்தத் துண்டக் காட்டி நிரூபிக்கிறது? காசு பேங்கால, உள்முக முதலீட்டுக் கணக்குக்கு (வெளிநாட்டுக் காசு முதலீட்டுக்கு உள்ள வாற பேங்க் கணக்கு) ஊடாக வந்தாத்தான் விக்கிற நேரம் காசத் திரும்பக் கனடாவுக்கு எடுக்கவும் ஒழுங்கான வழி இருக்கு.

இந்த இடத்திலதான் கொம்பனி உதவுது. வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் குறைஞ்சா உள்ளூர்க் கொம்பனி காணி வாங்கலாம். அவன் 40 வச்சுக்கொண்டு, இலங்கைப் பிரசையள் மற்ற ரெண்டு பேரும் 60 வச்சா சரி. ஆனா இந்த நிலமை காணி எழுதின நாள்ல இருந்து 20 வருசத்துக்கு அப்பிடியே இருக்கோணும். ஏழு வருசத்தில கட்டார்க்காரன் விலகித் தன்ட 30 வீதத்த கனடாக்காரனுக்கு வித்தா 70 வீதம் ஆகிடும், அப்ப பழைய உறுதியே செல்லாமப் போகும். அதால "வெளிநாட்டுப் பிரசையிண்ட பங்கு ஒருக்காலும் இன்ன அளவத் தாண்டப்படாது, விலகிற ஆள்ட பங்கு முதல்ல இலங்கைப் பிரசைக்குத்தான்" எண்டு அமைப்பு விதியில பச்சையா எழுதோணும் எண்டு சொன்னன். இல்லாட்டி அவன் முதல்ல இரட்டைக் குடியுரிமை எடுக்கட்டும், பிறகு வேற வழிகளும் திறக்கும்.

இன்னொரு வழி, எனக்குப் பிடிச்சது: காணி ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். காணி இலங்கைப் பிரசையள் ஒராள் ரெண்டு பேர்ட பேர்ல அவங்கட சொந்தக் காசில, வியாபாரம் கொம்பனியில, கொம்பனி காணிய 10, 15 வருசக் குத்தகைக்கு எடுக்குது. குத்தகை ஒரு மாசத்துக்கு மேல எண்டா நொத்தாரிசு உறுதியா இருக்கோணும், பதியவும் வேணும். குத்தகைக் காசு கொம்பனிக்குச் செலவு, காணிக்காரருக்கு வாடகை வருமானம், 25 வீதக் கழிவோட. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல எண்டா கொம்பனி 10 வீதம் பிடிச்சுக் கட்டோணும், அத காணிக்காரர் தன்ட வரியில கழிச்சுக்கொள்ளலாம். காணிய விக்கேக்க 15 வீதம்தான். ஒரு ஓட்டை இருக்கு: கொம்பனிக் காசில கட்டின ரூம் மண்ணோட சேந்து காணிக்காரருக்குப் போகும், அதால குத்தகை முடியேக்க கட்டடத்துக்கு எவ்வளவு, எப்பிடி மதிக்கிறது எண்டு குத்தகை உறுதியிலயே போடுங்க. புருசன் பெண்சாதி, அப்பா மகன் மாதிரி ஆக்களுக்கு இது அருமையா வேலை செய்யும். கூட்டாளிமாருக்கு, அதிலும் காணிக்காரர் ஒராளும் காசுக்காரர் இன்னொராளும் எண்டா, குத்தகை முடியிற வருசம் சண்டைதான்.

எந்த வழி எடுத்தாலும் காணி எந்த வகை எண்டு பாக்காம ஒண்டும் பேசாதீங்க. எங்கட மாவட்டத்தில அரசாங்கம் குடுத்த பெர்மிட் (அனுமதிப் பத்திர) காணியும் அளிப்புப் பத்திரக் காணியும் நிறைய. காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ குடுத்த பெர்மிட்ட கொம்பனிக்கு எழுதேலாது, அளிப்ப பிரதேச செயலாளர்ட சம்மதம் இல்லாமக் கைமாத்தேலாது. கடற்கரையில இருந்து 300 மீற்றருக்குள்ள எண்டா கட்டுறதுக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேணும், அத ஆர்ட பேர்ல கேக்கிறது எண்டதும் மேல சொன்ன முடிவிலதான் தங்கியிருக்கு.

அண்டைக்கு இரவு மூண்டு பேரும் கொம்பனி எண்டு முடிவெடுத்தாங்க, ஏனெண்டா விக்கிற எண்ணம் இல்ல, நடத்திற எண்ணம், கனடாக்காரன்ட காசும் இருக்கு. நான் எண்டா அவங்கட இடத்தில அதையேதான் செய்வன். புதன்கிழமை உறுதி எழுதேல்ல. விக்கிறவர் ஒரு மாசம் பொறுக்கிறன் எண்டிருக்கிறார். லோயர் காணிப் பதிவகத்தில முப்பது வருச ஃபோலியோ (காணியிண்ட பதிவுப் பக்கங்கள்) எடுத்துக் குடுத்தார், அதில 1990களில ஒரு பங்கு எழுதாமக் கிடக்கு, அந்த உரித்தாளி இப்ப மூதூர்ல எண்டு சொல்றாங்க. மருமகன் நாளைக்குக் காலமை அவரைப் பாக்கப் போறான்.